பிரிண்டருக்கு நிலையான விலாசம்

(திருவாலங்காட்டில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



முதலாம் இராஜேந்திர சோழன் இவ்வூர்க் கோயிலுக்குப் பழையனூரை வழங்கியபோது, அவ்வூரின் எல்லைகளைச் செப்பேட்டில் பொறித்து வைத்தான். இடம் இன்னதென்று ஐயமற எழுதி வைத்தால், ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் கண்டறியலாம். நமது அலுவலகப் பிரிண்டருக்கும் இந்நியாயம் பொருந்தும்.

கிராம சபை நாளொன்றில் நாம் நேரில் கண்டதைக் கூறுவோம். முந்தைய இரவு மின்சாரம் தடைப்பட்டு வந்தது. காலையில் வரவு செலவுக் கணக்கை அச்சிட முயன்றபோது பிரிண்டர் இயங்கவில்லை. மக்கள் காத்திருந்தனர், கணக்குத் தாள் கைக்கு வர நண்பகல் ஆயிற்று. யந்திரத்தில் பழுதில்லை. அதன் விலாசம் மாறியிருந்தது, அவ்வளவே.

இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர், தன்னுடன் இணைந்த ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஓர் எண்ணைக் குத்தகைக்கு விடுகிறது. பெரும்பாலும் அது 192.168 எனத் தொடங்கும். குத்தகைக் காலம் முடிந்தாலோ, ரௌட்டர் நின்று மீண்டும் இயங்கினாலோ, பழைய எண்ணே கிடைக்குமென்ற உறுதியில்லை. கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டரிலேயே நிலையான எண்ணைப் பதிவது ஒன்று. அவ்வெண், ரௌட்டர் தானாக வழங்கும் எண்களுக்குப் புறம்பாக இருத்தல் வேண்டும். கடைசி இலக்கம் 100 முதல் 200 வரை அது வழங்குமாயின், நாம் 50-ஐக் கொள்ளலாம். தவறினால், இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இட்ட கதையாகும். மற்றொன்று, பிரிண்டரின் 12 எழுத்து அடையாளக் குறியை ரௌட்டரில் பதிந்து, ஓர் எண்ணை அதற்கென்றே ஒதுக்குவது. எண்கள் யாவும் ஒரே இடத்தில் நிர்வகிக்கப்படுவதால் இதனையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

பட்டா, சிட்டா நகல் எடுக்க வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் விவசாயிகள் கவலைப்பட வேண்டுவதில்லை. கம்ப்யூட்டருடன் நேரே கம்பியால் இணைந்த பிரிண்டருக்கு விலாசமே தேவையில்லை. கம்பியில்லாப் புதிய பிரிண்டர்கள் பலவற்றைக் கம்ப்யூட்டர் பெயரைக் கொண்டே கண்டுகொள்ளும். பலர் பங்கிட்டு உபயோகிக்கும் அலுவலகத்திற்கே நிலையான விலாசம் அவசியம்.

ரௌட்டரை மாற்றினால் ஒதுக்கீடும் அதனுடன் போய்விடும். ஆகவே எண்ணையும் அடையாளக் குறியையும் இருப்புப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். கிராம சபையில் கணக்கைக் காண்பது மக்களின் உரிமை. ஓர் எண் மாறியதன் பொருட்டு அவ்வுரிமை தடைப்படலாகாது.