நின்றுபோன நடையை மீண்டும் தொடங்குவது எப்படி?

(ஜூலை மாதம் நம் சமுதாயக் கூடத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், ‘சி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். “நம் குடியிருப்பில் டாக்டர் இருக்கிறார், யோகா சொல்லித் தருபவர் இருக்கிறார். நாலு மாதம் வாக்கிங்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு என்ன தகுதி?” என்று கேட்டேன். “விட்டுவிட்டுத் திரும்ப வந்தவர்கள் பேசினால்தான் டீச்சர், விட்டவர்களுக்குப் பயன்படும்” என்றார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

உங்களில் பலர் என்னைக் காலை ஆறு மணிக்கு நடைபாதையில் பார்த்திருப்பீர்கள். ஆறு வருடமாக நடந்தேன். போன அக்டோபரில் மழை பிடித்தது. ‘டி’ பிளாக்கின் பின்பக்கம் தண்ணீர் தேங்கிவிட்டது. வடிந்ததும் போகலாம் என்று இருந்தேன். நவம்பரில் என் கணவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். டிசம்பரில் உறவினர்கள் வந்தார்கள், பட்சணம் செய்தோம். பிறகு பொங்கல்.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஜனவரி கடைசியில் பாதை காய்ந்துவிட்டது, கணவர் தேறிவிட்டார், விருந்தாளிகளும் கிளம்பிவிட்டார்கள். அப்போதும் நான் கீழே இறங்கவில்லை. ஏன் தெரியுமா? வெட்கம். “என்ன டீச்சர், ஆளையே காணோம்? கொஞ்சம் சதை போட்டுட்டீங்களே!” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். பால் வாங்கப் போகும்போதுகூட, ஆறு மணிக் கூட்டம் கலைந்தபின்தான் போவேன்.

மனசு சோர்ந்தால் வாய் சும்மா இருக்காது. மாலையில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ‘எப்படியும் கெட்டுப்போயாச்சு, இந்த ஒரு லட்டில் என்ன வந்துவிடப்போகிறது’ என்ற நினைப்பு. அந்த நினைப்பு தினமும் வந்தது. லட்டும் தினமும் உள்ளே போனது.

பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.9-லிருந்து 8.3-க்கு ஏறியிருந்தது. முதல் நாள் பட்டினி கிடந்து இந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் நாம் எப்படி இருந்தோம் என்பதை அது சொல்லிவிடும். “மூன்று மாதம் பார்ப்போம். குறையாவிட்டால் இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டியிருக்கும்” என்றார் டாக்டர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவுக்கும் சர்க்கரை நோய்தான். காலில் உணர்ச்சி மங்கியிருந்ததால் செருப்பு கடித்த புண்ணை அவர் கவனிக்கவில்லை. கடைசியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கட்டுப் பிரித்து மருந்து போட்டவள் நான். அதைப் பார்த்தும் நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேனே என்று என்மேல் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். மறுநாளே பழையபடி முக்கால் மணி நேரம் நடந்தேன். முழங்கால் வீங்கி மூன்று நாள் படுத்துவிட்டேன். நாலு மாதம் ஓய்வில் இருந்த உடம்பு பழைய வேகத்தை மறந்திருக்கும். விட்ட இடத்தில் தொடங்கக் கூடாது, இன்று நம்மால் எவ்வளவு முடியுமோ அந்த அளவில் தொடங்க வேண்டும். இது முதல் பாடம்.

அதன்பின் பத்து நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். காலைப் பலகாரம் முடிந்ததும் கார் நிறுத்தும் தரைத்தளத்தில் நடப்பேன். சாப்பிட்டபின் நடந்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. பத்து நிமிடம் ஒரு பயிற்சியா என்று சிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதும் கணக்கில் சேரும்.

பத்தாயிரம் அடி நடந்தால்தான் பயன் என்று நினைத்துத் தொடங்காமலே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எண் எந்த மருத்துவரும் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பிரபலமானது. இரண்டாயிரம் அடி நடப்பவர் மூவாயிரம் நடந்தாலும் நல்லதுதான்.

இரண்டாவது பாடம், ஆர்வத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ‘மனசு வந்தால் நடக்கலாம்’ என்று ஜனவரி முழுக்க இருந்தேன், மனசு வரவில்லை. நடக்க ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில்தான் வந்தது. ஆகவே மனசை நம்பாமல் ஏற்பாட்டை நம்புங்கள். நான் பலகாரத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிவிடுவேன், யோசிக்க இடம் கொடுப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊற சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் கண்டார்கள். எனக்குப் பெரிய ஆறுதல் அதுதான். ஒரு நாள் விட்டால் மறுநாள் போய்விட வேண்டும், அவ்வளவே.

சாப்பாட்டில் இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்தேன். ஒன்று, பேரன் தட்டில் மிஞ்சியதையும் பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதையும் ‘வீணாகிறதே’ என்று வாயில் போடுவதை நிறுத்தினேன். இங்கே உள்ள பெண்களுக்கு நான் சொல்வது புரியும். மிஞ்சாத அளவுக்கு அரிசியைக் குறைத்துப் போட்டேன், தீர்ந்தது. இரண்டு, தட்டில் முதலில் காய் வைப்பேன், பிறகுதான் சாதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாம் உண்பதில் பாதியளவு காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது. கீரை, வாழைத்தண்டு, புடலங்காய் என்று எது மலிவோ அது. மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல். முறுக்கு டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஏணி போட்டு எடுக்கும் அளவுக்கு ஆசை வந்தால் சாப்பிடலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை ஏறியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று அதிகம் நடந்து, சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலியோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

ஜூனில் எனக்கு 7.4 வந்தது. பழைய 6.9 இன்னும் வரவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இப்போது காலையும் மாலையுமாக அரை மணி நேரம் நடக்கிறேன்.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். மார்ச்சில் ஒருநாள் துணிந்து நடைபாதைக்கு வந்தேன். என்ன கேட்கப்போகிறார்களோ என்று நெஞ்சு படபடத்தது. ‘ஏ’ பிளாக் அம்மா ஒருவர் என்னைப் பார்த்தார். “வாங்க டீச்சர், முருங்கைக்காய் என்ன விலை விக்குது பார்த்தீங்களா?” என்று சொல்லி, நடப்பதற்கு இடம் விட்டார். நேற்றும் நான் வந்திருந்தது போலப் பேசினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் மறுநாளும் வந்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரொம்ப நாள் கழித்து வருபவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், “வாங்க” என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் தளத்தில் நடையை நிறுத்தியவர் யாராவது இருந்தால் மணி அடித்து, “பத்து நிமிஷம் கீழே வரீங்களா?” என்று கேளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். அக்டோபரில் மறுபடி மழை வரும். அதற்குள் ‘டி’ பிளாக் பின்புறத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுங்கள். முடியாவிட்டால் தரைத்தளத்தில் வண்டி நிறுத்தாமல் ஒரு ஓரம் மட்டும் விட்டுவையுங்கள். மழை நாட்களில் காலை எட்டரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். துணைக்கு வாருங்கள்.