மரவள்ளி இலையும் மதியுள்ள யந்திரமும்

(அரூரில் விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



மரவள்ளியின் இலை வெளிர்மஞ்சள் திட்டுக்களுடன் சுருங்கினால், தேமல் நோய் என்று நீங்கள் உடனே கூறிவிடுவீர்கள். இதே காரியத்தை யந்திரத்திற்குக் கற்பிக்கப் பல பல்கலைக் கழகங்கள் முயன்று வருகின்றன. அதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

"இது நோயுள்ள இலை, இது நல்ல இலை" என்று பெயரிட்டு ஆயிரக்கணக்கான படங்களை யந்திரத்திற்குக் காட்டுகிறார்கள். குழந்தைக்கு மாட்டையும் ஆட்டையும் அடையாளம் காட்டுவது போலத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தாரும் ஸ்விட்ஜர்லாந்து ஆராய்ச்சியாளரும் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு இவ்வாறு பயிற்றுவித்து, 2016-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பயின்றவற்றை ஒத்த படங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாகச் சொன்ன யந்திரம், வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களில் ஏறக்குறைய 31 மட்டுமே சரியாகச் சொல்லிற்று! இதை அவர்களே மறைக்காமல் எழுதியது பாராட்டத் தக்கது. காரணம் எளிது. யந்திரம் பயின்றது, பறித்த ஒற்றை இலையை மேஜையில் வைத்து எடுத்த படங்களில். வயலிலோ வெயிலும் நிழலும் புழுதியும் களையும் உண்டு.

பின்னர் தான்சானியாவில் வயலிலேயே மரவள்ளியைப் படமெடுத்துப் பயிற்றுவித்தார்கள். இணையத் தொடர்பின்றிக் கைப்பேசியிலேயே நோயைக் கூறும் 'நுரு' என்னும் செயலி அவ்வழியில் உருவாயிற்று.

ஆனால் ஆப்பிரிக்க வயலில் பயின்றது நம் வயலை அறியுமா? அங்கே தேமலை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு, இங்கே வேறு, இரகங்களும் வேறு. பெயரிலும் சிக்கல் உண்டு. நாம் குச்சிக்கிழங்கு என்கிறோம். புத்தகம் மரவள்ளி என்கிறது. கேரளத்தார் கப்பை என்கிறார்கள். மூன்றும் ஒன்றே என்று யந்திரத்திற்கு யாரேனும் சொல்லிவைக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1980-களிலிருந்து 'அக்ரோவாக்' என்னும் சொற்கோவையில் இவ்வாறு பல மொழிப் பெயர்களைப் பிணைத்து வருகிறது. இத்தகைய வேலைக்குப் பொருளுணர் வலை என்று பெரிய பெயர் இட்டிருக்கிறார்கள். நம் பத்திரங்களில் "மாது என்கிற மாதையன்" என்று எழுதுவதும் இதுவேதான்.

யந்திரம் தவறாக 'நோயில்லை' என்று கூறினால் நஷ்டம் ஒரு செடியோடு நிற்காது. குச்சியை வெட்டியல்லவா நாம் நடுகிறோம்? நோயுள்ள குச்சி மறு பருவத்தில் நம் நிலத்திற்கும், அதை வாங்கிய அண்டை வீட்டார் நிலத்திற்கும் நோயைக் கொண்டு செல்லும். எஞ்சியதை வெள்ளை ஈ பரப்பும்.

ஆகையால் கைப்பேசி சொல்வதைக் கேளுங்கள். அதையே முடிவாகக் கொள்ளாதீர்கள். ஐயமிருப்பின் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்கலாம். படமெடுக்க ஆராய்ச்சியாளர் வந்தால், நல்ல செடியை மட்டும் காட்டாமல் கெட்டதையும் காட்டி, ஊரில் வழங்கும் பெயரையும் எழுதிக் கொடுங்கள். விதைக் குச்சிக்கான செடிகளை, இலை பசுமையாக நிற்கும்போதே பார்த்துக் கயிறு கட்டி வையுங்கள். இலை உதிர்ந்தபின் வெறும் தண்டைக் கண்டு நோயைச் சொல்ல உங்களாலும் இயலாது, யந்திரத்தாலும் இயலாது.