பழைய வால்வுப் பெருக்கியின் ஓசையைக் குறைத்தல்

1966ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜான் மேயால் குழுவினர் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினர். குழுவில் கித்தார் வாசித்த எரிக் கிளாப்டன், மேடையில் எவ்வளவு உரக்க வாசிப்பாரோ அவ்வளவு உரக்கவே தமது மார்ஷல் பெருக்கியை அங்கும் முழங்க விட்டார். ஓசையைக் குறைத்து வாசிப்பதே அக்காலத்துக் கூடங்களின் மரபு. கிளாப்டன் அதற்கு இணங்கவில்லை. குறைத்தால் நாதமே போய்விடும் என்பது அவர் கட்சி.

பிடிவாதம் போலத் தோன்றினும் அக்கூற்றில் உண்மை உண்டு. அவ்வுண்மை யாது என்பதையும், அடுத்த வீட்டாரோடு ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் ஒருவர் இத்தகைய பெருக்கியை எவ்வாறு கையாளலாம் என்பதையும் இன்று ஆராய்வோம். அமெரிக்கர் ட்யூப் என்பதை ஆங்கிலேயர் வால்வு என்பர். நம் நாட்டில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர்களும் வால்வு என்றே வழங்கினர். நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் விற்ற டீலக்ஸ் என்னும் பெருக்கியைக் கருதுவோம். சாக்குத் துணி போன்ற உறையிட்ட சிறு மரப்பெட்டி; அதனுள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று; இறுதிநிலையில் 6வி6 என்னும் வால்வுகள் இரண்டு; ஆற்றல் ஏறத்தாழ 12 வாட். ஓசைக் குமிழில் 1 முதல் 12 வரை எண்கள் உண்டு. ஆயினும் பாதி தூரம் திருப்பிய பின் ஓசை அதிகம் உயர்வதில்லை. நாதத்தின் தன்மையே மாறுகிறது. காரணம், வால்வுகள் தம் எல்லையை எட்டிவிடுகின்றன. அதற்கு மேல் வரும் மின்னலையின் முகடுகள் மழுங்குகின்றன; மழுங்கும்போது மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. மின்சாரத்தை நேர்ப்படுத்தும் வால்வும் அந்தச் சுமையில் சற்றுத் தளர்ந்து மீள்வதால், தந்தியை மீட்டியவுடன் ஒலி சிறிது அடங்கிப் பின் விம்மி எழுகிறது. பொறியியல் நூல்கள் இதனைப் பிழை எனும். கித்தார் வாசிப்போர் இதற்காகவே அப்பெட்டியைத் தேடி அலைகின்றனர்.

மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இங்கு இடைமறித்துச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. குமிழின்மேல் ஆங்கிலத்தில் பொறித்துள்ள சொல்லை 'ஒலியளவு' என்று பெயர்த்துவிட்டால் சொல் சரி, பொருள் தவறு. அக்குமிழ், முதல் வால்வைக் கடந்த மின்னலையில் எவ்வளவு பங்கு அடுத்த நிலைக்குச் செல்லலாம் என்பதை மட்டுமே வரையறுக்கிறது. அதனைத் திருப்பிக் குறைத்தால் உரப்போடு அந்த விம்மலும் போய்விடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கித்தாருக்கென அமைந்த ஸ்பீக்கர் பலவும் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் முதல் 100 டெசிபெல் வரை முழங்கக் கூடியவை. 12 வாட்டைப் பாதியாக்கி 6 வாட் ஆக்கினால் குறைவது 3 டெசிபெல் மட்டுமே; காது அதனைச் சிறு வேறுபாடாகத்தான் உணரும். ஓசை பாதியாயிற்று என்று தோன்ற ஆற்றலைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். இரவு நேரத்து அறைக்கு ஏற்றவாறு 30 டெசிபெல் குறைக்க விரும்பினால், ஆயிரத்தில் ஒன்று, அதாவது 12 மில்லிவாட் போதும். "முப்பது வாட்டை விற்றுவிட்டுப் பதினைந்து வாட் வாங்கினேன், அண்டை வீட்டார் சினம் தணியவில்லை" என்று ஒருவர் வருந்தினால், அவரது ஏமாற்றத்திற்கு விடை இக்கணக்கில் இருக்கிறது.

அண்டை வீட்டார் மட்டுமன்று, வாசிப்பவரின் செவியும் இதில் பணயம். அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுதலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் எஞ்சுவது கால்மணி நேரமே. இழந்த செவிப்புலன் திரும்பி வருவதில்லை.

ஆகவே, செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குவோம். டீலக்ஸ் பெட்டியில் ஒவ்வொரு வழிக்கும் இரு துளைகள் உண்டு. இரண்டாம் துளையில் கித்தாரைச் செருகினால் மின்னலை ஏறத்தாழப் பாதியாகும். முதல் வால்வை மாற்றிப் பெருக்கம் குறைந்த வேறொன்றைச் செருகுவதும் எளிது: 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கெண் 100, 12ஏடி7க்கு 60. ஆயினும் இவையெல்லாம் குமிழைச் சற்றுக் கட்டுக்குள் கொண்டு வருமே ஒழிய, இறுதி வால்வுகள் எல்லையை எட்டும்போது வெளிவரும் ஓசையைக் குறைப்பதில்லை.

ஸ்பீக்கரை மாற்றுவது எமக்கு மிகவும் உகந்த வழி. 100 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, அதே ஓம் அளவுள்ள, 94 டெசிபெல் தரும் ஒன்றை வைத்தால், ஆற்றலைக் கால்பங்காகக் குறைத்ததற்கு ஒப்பாகும். பெருக்கியின் உள்ளே ஒரு கம்பியும் தொடப்படவில்லை.

அதனினும் மிகுதியாகக் குறைக்க வேண்டுமெனில், பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தணிப்பான் ஒன்றைப் பொருத்துவர். பாஸ்டன் இசைக்குழுவைச் சேர்ந்தவரும் பொறியியல் பயின்றவருமான டாம் ஷோல்ஸ் 1980ஆம் ஆண்டு வாக்கில் இவ்வகைக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். பெருக்கி முழு மூச்சுடன் உழைக்கும். அந்த ஆற்றலின் பெரும்பகுதி தணிப்பானில் வெப்பமாகிவிடும். மீதியே ஸ்பீக்கரை அடையும். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தணிப்பானின் ஓம் அளவு பெருக்கிக்குப் பொருந்த வேண்டும். டீலக்ஸுக்கு அது 8 ஓம். பெருக்கியின் ஆற்றலைப்போல் இரு மடங்கைத் தாங்கும் தணிப்பானே பாதுகாப்பானது. வெறும் மின்தடைகளால் ஆன தணிப்பான், ஸ்பீக்கர் சுருளைப்போல் ஒவ்வொரு சுரத்திற்கும் வெவ்வேறு எதிர்ப்பைக் காட்டாது. அதனால் நாதம் சற்றுத் தட்டையாகும். சுருளும் கண்டென்சரும் சேர்த்துச் செய்தவை இக்குறையைப் பெரிதும் நீக்கும். விலையும் அதற்கேற்ப மிகும். எவ்வகையாயினும், முழு உழைப்பில் இறுதி வால்வுகள் விரைவில் தேயும்.

தணிப்பான் வாங்கிய பலர், மிகவும் குறைத்தால் நாதம் மெலிந்துவிட்டது என்று கருவியைக் குறை கூறுவர். குற்றம் முழுவதும் கருவியினுடையதன்று. ஓசை தாழத் தாழ, மந்தரத்தையும் உச்ச ஒலிகளையும் நம் செவி ஏனையவற்றினும் குறைவாகவே உணரும் என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933இல் அளந்து காட்டினர். எந்தப் பெட்டியும் அந்த இயற்கையை முழுதும் வெல்லாது.

மின்னழுத்தத்தையே குறைத்து வாசிப்போரும் உளர். எட்வர்ட் வான் ஹேலன் இவ்வழிக்குப் பெயர் போனவர். ஆனால் அவ்வாறு செய்கையில் வால்வுகளின் சூடேற்றும் இழைக்குச் செல்லும் 6.3 வோல்ட்டும் உடன் குறையும். மிகக் குறைந்தால் வால்வுக்குக் கேடு. பெட்டியைத் துளைத்துப் புதிய குமிழ் பொருத்துவது மற்றொரு வழி. மார்ஷல் நிறுவனமே 1975 முதல் இறுதிநிலைக்கு முன் தனிக் குமிழ் வைத்த பெருக்கிகளைச் செய்தது. புதிதாகச் செய்யும் பெருக்கியில் அது தக்கதே. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்டியில் இட்ட துளையை யாராலும் அடைக்க இயலாது; அதனை நாம் ஏற்பதற்கில்லை.

மாற்றியே ஆக வேண்டியது ஒன்றுண்டு. பழைய அமெரிக்கப் பெட்டிகளில் மின்கம்பி இரு முனை கொண்டது, நிலத்தொடர்பு இல்லை. அதனை மூன்று முனைக் கம்பியாக மாற்றுதல் உயிர்க்காப்பு. நம் நாட்டின் 230 வோல்ட்டில் அதனை நேரே செருகவும் கூடாது. அழுத்தத்தைத் தாழ்த்தும் டிரான்ஸ்பார்மர் இடையே வேண்டும். உள்ளிருக்கும் கண்டென்சர்கள், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக் கூடும். பழகாத கை உள்ளே நுழையலாகாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெருக்கியை இயக்குவதும் ஆகாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோக இடமுண்டு.

சிறிய பெருக்கி ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வது குறித்தும் ஒரு சொல். ஜிம்மி பேஜ் 1968இல் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது சுப்ரோ என்னும் சிறு பெருக்கி. தட்டைக் கேட்பவர்க்கு அது மலை போன்ற கருவியாகத் தோன்றும்.

ஸ்பீக்கரை மாற்றியவர், கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் கூம்புத் தாள் கிழியாவண்ணம் அட்டைப் பெட்டியில் வைத்து, எந்தப் பெருக்கியைச் சேர்ந்தது, எந்நாளில் கழற்றப்பட்டது என்று எழுதி ஒட்டி வைக்கட்டும். பெருக்கி கைமாறும்போது அப்பெட்டியும் உடன் செல்ல வேண்டும்.