கள்வன் நடந்த காட்டில் ஒரு புதையல் விளையாட்டு

சென்ற ஆண்டு தைப் பொங்கலுக்கு என் தமக்கை மகன் மெல்போர்ன் நகரிலிருந்து மைசூருக்கு வந்திருந்தான். வந்த மறுநாள் விடியற்காலையிலேயே சாமுண்டி மலைப் படிகளில் ஏறலாம் என்று என்னையும் கிளப்பிவிட்டான். பெரிய நந்தியின் அருகே நான் மூச்சு வாங்க அமர்ந்திருக்கையில், அவன் கையிலிருந்த தொலைபேசியைப் பார்ப்பதும், பாறை இடுக்குகளில் குனிந்து நோக்குவதுமாக இருந்தான். எதையேனும் தொலைத்துவிட்டாயோ என்று கேட்டேன். "இல்லை, மாமா. பிறர் ஒளித்து வைத்ததைத் தேடுகிறேன்" என்றான்.

நேயர்களே, அவன் சொன்ன விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள்கள் காட்டும் இடக்குறிப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கிற்று. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக் காட்டிய சிறு கருவி, அன்று முதல் ஒரு மரத்தடியைக் காட்டும் அளவுக்குத் துல்லியம் பெற்றது. மறுநாளே, மே 3ஆம் நாள், ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டுக் காட்டோரத்தில் வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் உலகுக்கு அறிவித்தார். தேடிக் கண்டவர் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும்; ஒரு பொருளை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். விதி அவ்வளவுதான். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான டப்பாக்கள் இவ்வாறு ஒளிந்து கிடக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் இவ்விளையாட்டினர் விரும்பித் தேடிச் செல்லும் இடங்களுள் ஒரு வகை, 'புஷ்ரேஞ்சர்' எனப்படும் காட்டுக் கொள்ளையர் திரிந்த இடங்களாம். 1862 ஜூன் 15 அன்று யூகௌராவுக்கு அருகே தங்க வண்டியை மறித்தார்களே, அந்தப் பாறை; ஃபோர்ப்ஸ் நகருக்கருகில் 1865 மே 5ஆம் நாள் பென் ஹால் சுடப்பட்டு வீழ்ந்த ஓடைக்கரை; இரும்புக் கவசம் பூண்டு காவலரோடு போரிட்ட நெட் கெல்லி 1880இல் பிடிபட்ட கிளென்ரோவன் என்னும் சிற்றூர். இவற்றையெல்லாம் என் மருமகன், நம் வீட்டுப் பாட்டி நூற்றெட்டுத் திருப்பதிகளை ஒப்பிப்பது போல ஒப்பித்தான். பிறகு, "மாமா, உங்கள் மைசூர்ப் பக்கத்தில் கொள்ளைக்காரர்களே இருந்ததில்லையா?" என்று கேட்டான்.

இல்லாமலா? அன்று மாலையே அவனைச் சீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துச் சென்றேன்.

தூண்டியா வாக் என்ற பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சன்னகிரியைச் சேர்ந்தவன், ஐதர் அலியின் குதிரைப்படையில் இருந்தவன், பின்னர்த் தனித்துப் பிரிந்து சூறையாடத் தொடங்கித் திப்புவிடம் சிக்கிச் சீரங்கப்பட்டணத்தில் சங்கிலி பூண்டு கிடந்தான். 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சுல்தான் களத்திலே மடிந்தார். அந்தக் குழப்பத்தில் சிறைக்கதவு திறந்தது; கைதி நழுவினான். அடுத்த சில திங்களில் வேலையிழந்த குதிரை வீரர் பலர் அவனைச் சூழ்ந்தனர். ஈருலகுக்கும் அரசன் என்று அவனே தனக்கு ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டான்! பிற்காலத்தில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் பிரபு எனப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1800ஆம் ஆண்டில் இவன் ஒருவனைத் துரத்தித் துங்கபத்திரைக்கு அப்பால் அலைய நேர்ந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் கோணகல் என்னும் இடத்தில் தூண்டியா வெட்டுண்டான்.

இக்கதையில் என் நெஞ்சைத் தொடுவது அதன் பின் நிகழ்ந்ததுதான். தோற்றவர்களின் மூட்டை முடிச்சுகளுக்கு இடையே நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அகப்பட்டான். தூண்டியாவின் மகன், பெயர் சலாபத் கான். வெல்லெஸ்லி அக்குழந்தையைத் தம் கூடாரத்துக்கு எடுத்துச் சென்று காத்தார். நாட்டை விட்டுப் போகையில் அவன் வளர்ப்புக்குப் பணமும் வைத்துச் சென்றார். சிறுவன் வளர்ந்து மைசூர் அரசரின் பணியில் அமர்ந்து, 1822இல் வாந்திபேதி கண்டு மாண்டான்.

இன்னொரு செய்தியும் உண்டு. வெல்லெஸ்லியின் 33ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் என்பவர், அதே 1800ஆம் ஆண்டில்தான் பெங்களூருக்கு அருகே சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் பெரிய நில அளவைக்கு அதுவே முன்னோடி. 1802இல் பரங்கிமலையில் அளந்த கோட்டிலிருந்து அப்பணி முறையாகத் தொடங்கிற்று. ஒருபுறம் கள்வனைத் துரத்துகிறார்கள். மறுபுறம் அவன் மறைந்து திரிந்த நிலத்தைப் பாகை கலை விகலையாக அளக்கத் தொடங்குகிறார்கள். இதைக் கேட்ட மருமகன், "அப்படியானால் எங்கள் விளையாட்டுக்கு இந்த ஊரே தாய்வீடு" என்று துள்ளினான். கோட்டை, தொல்பொருள் துறையின் காவலில் உள்ள இடமாதலால் அங்கே டப்பா வைப்பதற்கில்லை. அதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெட்டி இராது, வினா மட்டும் இருக்கும். அவ்விடத்துக்கு நேரில் சென்று பார்த்தவனுக்கே விடை தெரியும். கோட்டை வாயிலில் நின்று ஆளுக்கொரு வினா ஆக்கினோம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கள்வனைப் பற்றி விளையாடுவதில் எனக்கு யாதொரு கூச்சமும் தோன்றவில்லை.

வீடு திரும்புகையில் அவன் மெல்லச் சொன்னான்: "மாமா, அடுத்தது கோபிநத்தம்."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. ஏனென்பது இந்நாட்டில் வாழ்ந்த தமிழர்களுக்கு விளங்கும். 2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, அவர் மீண்டு வரும்வரை நூற்றெட்டு நாள்கள் நாங்கள் பேருந்தில் தாய்மொழி பேசாமல் பயணம் செய்தோம். வாசலில் தமிழ் நாளிதழ் கிடந்தால் அயலார் காணுமுன் எடுத்துவிடுவோம். எங்கள் தெருக் கன்னடத்து அம்மையார் ஒருவர் அந்நாள்களில் தினந்தோறும் வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் யாவரும் காண அமர்ந்து பூத்தொடுத்துச் செல்வார். அதை நான் மறக்கவில்லை.

கோபிநத்தத்தின் வரலாறு பலர் அறியாதது. அது கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்த ஊர். அந்தத் தாலுகாவோ 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1952இல் அவ்வூரில் பிறந்த வீரப்பனுக்கு நான்கு வயது நிரம்பிய பின்னரே அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ராஜ்குமாரின் ஊராகிய தொட்ட காஜனூரோ தாளவாடிப் பக்கமாகத் தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்டது. நாம் பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்தோம்; அவர்கள் இருந்த இடத்தில் இருக்கையிலேயே எல்லை அவர்களைக் கடந்து போயிற்று.

மறுத்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. கொள்ளேகால், அனூர் வழியாக மாதேசுவரன் மலை ஏறி இறங்கினோம். கன்னடரும் தமிழரும் ஒருங்கே கூடித் தலைமுடி காணிக்கை செலுத்தும் மலை அது. இறங்கினால் பாலாறு வரும். வேலூர்ப் பாலாறு அன்று; காவிரியில் கலக்கும் சிற்றாறு. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். 1993 ஏப்ரல் 9ஆம் நாள் அவ்வட்டாரத்தில் கண்ணிவெடி வைத்து இருபத்திரண்டு பேரைக் கொன்றனர். காவலர், வனத்துறையினர், வழிகாட்ட வந்த ஏழை எளியவர் என்று பலரும் அதில் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்டு 14 அன்று, மீண்யம் அருகே மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணா, உதவி ஆய்வாளர் ஷகீல் அகமது ஆகியோரும் உடன்வந்த காவலரும் பொறியில் சிக்கி மாண்டனர்.

இவற்றைச் சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியாவில் எவ்வாறு என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஸ்டிரிங்கிபார்க் ஓடையைப் பற்றிச் சொன்னான். 1878 அக்டோபர் 26 அன்று நெட் கெல்லியின் கூட்டம் அங்கே கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் என்ற மூன்று காவலரைச் சுட்டுக் கொன்றது. கிளென்ரோவனில் கெல்லிக்குப் பேருருவச் சிலை நிற்கிறது. அந்த மூவரின் வழிவந்தோரோ, எங்கள் முன்னோர் கதையில் வெறும் இலக்காகிப் போயினர் என்று நெடுங்காலம் மனம் வருந்தினர். நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின், 2018இல்தான், அக்குடும்பங்களையும் கலந்து அவ்விடம் திருத்தியமைக்கப்பட்டதாம். நூற்று நாற்பது ஆண்டு ஆறாத புண் முப்பது ஆண்டில் எவ்வாறு ஆறும்?

நம் முன்னோர் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தனர். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. இரண்டிலும் இறந்தோருக்குக் கல் நட்டனர். தருமபுரி, செங்கம் பக்கங்களில் அக்கற்கள் இன்றும் நிற்கின்றன. கன்னட நாட்டிலும் வீரகல் ஏராளம். கவர்ந்தவனையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் மீட்கச் சென்று மாண்டவனைப் பெயரும் ஊரும் பொறிக்காமல் விட்டுவிட்டுக் கவர்ந்தவனை மட்டும் கொண்டாடும் வழக்கத்தைத் திரைப்படம் வந்த பிறகே நாம் கற்றோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீரப்பனைத் தமிழ் வீரனாக்கிப் பேசுவோர் உண்டு. அவன் யானைகளைக் கொன்றான். சந்தனக் காட்டை அழித்தான். அவன்மீது நூற்றுக்கு மேற்பட்ட கொலைகள் சாட்டப்பட்டன. மாண்டோரில் தமிழரும் பலர். இதில் பெருமைக்கு இடம் எங்கே?

கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அது எழ உதவியவர் பி. சீனிவாஸ் என்ற வனத்துறை அதிகாரி. ஆந்திர நாட்டு ராஜமுந்திரியைச் சேர்ந்தவர். ஊருக்கு மருந்தகமும் அவரால் வந்தது. துப்பாக்கியை விட மருந்துப் பெட்டியால் அந்த ஊரை வெல்லலாம் என்று நம்பிய மனிதர். சரணடைவதாகச் சொல்லி அனுப்பிய செய்தியை நம்பி, 1991 நவம்பர் 10ஆம் நாள் காட்டுக்குள் சென்றார். அவர் தலையை வெட்டினார்கள். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. ஊரார் அவர் படத்தைக் கோயிலில் வைத்தனர்.

கோயில் நிழலில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று வினவினார். மைசூர் என்றேன்.

"மைசூரா? எட்டு வருசம் வந்திருக்கேன், சாமி. அங்க ஜெயிலைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அரண்மனையைக் கூடப் பார்த்ததில்ல" என்றார்.

தடா சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டு மைசூர்ச் சிறையில் கிடந்த கிராமத்தாருள் அவர் கணவரும் ஒருவர். 2001இல் மைசூர்த் தனிநீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது பெரும்பாலோர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். அவரும் அவ்வாறே திரும்பினாராம். அதிரடிப்படையினர் செய்த கொடுமைகளை ஆராய நீதியரசர் சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைந்ததும், 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்ததும் ஏடறிந்த செய்திகள். அந்த எண்பத்தொன்பதில் அம்மூதாட்டியின் வீடு இல்லை. கள்வனுக்குச் சோறிட்டாய் என்று ஒரு பக்கம் அடி. காட்டிக் கொடுத்தாய் என்று மறுபக்கம் கத்தி. இடையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எத்தனையோ முறை அந்தச் சிறை வழியாகப் போயிருக்கிறேன். மதிலுக்கு வெளியே மூட்டையோடு காத்திருந்த பெண்களில் ஒருவரிடமும் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை.

மருமகன் பையில் ஒரு சிறு டப்பா வைத்திருந்தான். உள்ளே பென்சில், குறிப்பேடு, கங்காரு பொம்மை ஒன்று. காவிரி வனவிலங்குப் புகலிடத்தை ஒட்டிய அவ்விடத்தில் அனுமதியின்றி எதையும் வைப்பது தகாது என்று வழியிலேயே சொல்லியிருந்தேன். அவன் டப்பாவைத் திறந்து, பொம்மையையும் பென்சிலையும் மூதாட்டியின் பேத்தியிடம் கொடுத்தான். குறிப்பேட்டில் மட்டும் தன் விளையாட்டுக்காக வினா ஒன்று எழுதினான்: "இக்கோயிலில் சாமி படங்களோடு இருக்கும் மனிதர் யார்? அவர் இந்த ஊருக்கு என்ன செய்தார்?" சற்று யோசித்து அடியில் இன்னொன்றும் சேர்த்தான்: "இவ்வூரார் மைசூருக்கு எதற்காக நடந்தார்கள்?"

வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுடப்பட்ட இடத்துக்கும், மேட்டூரை அடுத்த மூலக்காட்டில் உள்ள அவன் புதைகுழிக்கும் போகலாம் என்பது முதலில் போட்ட திட்டம். அதை இருவருமே நினைவூட்டவில்லை. மூதாட்டிதான் எழுந்து நின்று, வெயிலைக் கண்ணால் அளந்து, "பொழுது சாயுது. மலை ஏறுற வழியில யானை எறங்கும். வண்டியை எடுங்க" என்றார்.