ஒல்லியான உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு



'குண்டானவருக்குத்தான் இனிப்பு நீர் வரும், நமக்கு எங்கே வரப்போகிறது?' என்ற பேச்சு மலேசியாவின் கியா பார்ம் மலைப்பகுதித் தோட்டத்து மக்களிடம் இன்னும் ஓயவில்லை. 2019-ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! இந்தச் சபையில் ஒரே ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள், அந்தக் கணக்கின் கனம் புரியும்.

இத்தனை பேரும் பருத்தவர்களா? இல்லவே இல்லை.

புனே நகரில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்றொரு மருத்துவர். லண்டனில் ஜான் யுட்கின் என்றொரு மருத்துவர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. இருவரும் ஒல்லி. ஆனால் கருவியில் அளந்தபோது யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை இருவரின் படத்தோடும் வெளியிட்டது. எடை மெஷின் காட்டாத கொழுப்பு அது. யாஜ்னிக் குழு புனே வட்டாரத்துக் கிராமத்துக் குழந்தைகளையும் ஆராய்ந்தது. இங்கிலாந்துக் குழந்தைகள் சராசரி மூன்றரைக் கிலோ எடையில் பிறக்க, இவர்கள் 2.7 கிலோவில் பிறந்தார்கள். தசை குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிற கதை இது. ஆகவே நோய் வந்தவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று ஏசுவது அநியாயம்.

கொழுப்பு சும்மா கிடக்கும் சதை அல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டினை 1994-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு மிகுந்த உடம்பில் லெப்டினும் மிகுதிதான், ஆனால் மூளை அதற்குச் செவி சாய்ப்பதில்லை. இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிபோனெக்டினோ, வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேரக் குறைந்துபோகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலின் சொல் கேட்காமல் இரவு முழுக்கச் சர்க்கரையை உற்பத்தி செய்கிறது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை ஏறியிருப்பது இதனால்தான். கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கடைசியில் ஓய்ந்துபோகிறது.

இதில் சாப்பாடு எங்கே வருகிறது? கூடையை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய பாட்டிகளுக்கு ஒரு தட்டுச் சோறு வேலையிலேயே கரைந்தது. இன்று தேயிலைக் கொழுந்து எடுக்க மெஷின் வந்துவிட்டது. பிள்ளைகள் கடையிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கிறார்கள். சோறு மட்டும் அதே குவியல். காலையில் ரொட்டி சானாய், அதாவது மைதாவும் கொழுப்பும். கூடவே தே தாரிக்: கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பான டின் பால் ஊற்றி, மேலே சாயத்தை ஊற்றி ஆற்றுகிறார்கள். நாளைக்கு நான்கு கிளாஸ் என்றால் கல்லீரல் என்ன செய்யும்? மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

மாற்ற முடியுமா? முடியும் என்று சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். உணவைத் திருத்தி, நடக்கவும் வைத்த பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

கோஸும் கீரையும் தக்காளியும் இந்த மலையில் விளைந்து, லாரி லாரியாகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போகின்றன. விளைவிக்கிற ஊரின் தட்டில் அவை ஓரத்தில் ஒரு கரண்டி! அதை மாற்றுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மிச்சக் கால்பங்கு சோறு போதும். தேநீரில் டின் பாலை நிறுத்துங்கள். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

தையல்காரர் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் இன்றிரவே எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால், ஒல்லியாகத் தெரிந்தாலும் சரி, இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருந்தால் டேப்பின் பதிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.