இரவல் வாங்கலும் இரவல் கொடுத்தலும்



'பாரோ', 'லெண்ட்' என்னும் ஆங்கில வினைகள் இரண்டனை இன்று நோக்குவோம். நிகழ்ச்சி ஒன்றே, நோக்கும் இடம் வேறு. எழுதுகோலை இரவலாகப் பெறுபவர் செய்வது 'பாரோ'; தருபவர் செய்வது 'லெண்ட்'. பள்ளி நாளில் நாம் எழுதுகோலைக் கேட்கும்போது இரண்டையும் மாற்றிச் சொன்னோம். வகுப்பே நகைத்தது. அவ்வாண்டு முழுதும் ஆங்கில வகுப்பில் நாம் வாய் திறக்கவில்லை.

இப்பிழைக்குத் தமிழே காரணம் என்பார் உளர். அது பொருந்தாது. 'இரவல் வாங்கு', 'இரவல் கொடு' எனத் தமிழில் திசை தெளிவாகவே உள்ளது. நாம் அன்றாடம் வழங்கும் பேச்சு மலாயில்தான் 'பிஞ்ஜாம்' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. எழுத்து மலாயோ பெறுதலை 'மெமிஞ்ஜாம்' என்றும், தருதலை 'மெமிஞ்ஜாம்கான்' என்றும் பிரிக்கும். பேச்சில் ஒட்டுகள் உதிர்தல் குறையன்று. ஜெர்மன் மொழியின் 'லைஹென்' என்னும் வினையும் இரு பொருளும் தருவதே.

வினையின் திசையை நோக்குதல் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரவையும் தரவையும் தன்மை, முன்னிலைகளுக்கும், செலவையும் கொடையையும் படர்க்கைக்கும் உரியனவாக வகுத்தார். 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு' என்னும் வழக்கு அதன்பாற்பட்டது.

ஆங்கில வினைகள் பிரித்துக் காட்டாத ஒன்றையும் தமிழ் காட்டுகிறது. திருமணத்துக்கு வாங்கி அணிந்த சங்கிலி இரவல். அதே சங்கிலி திரும்ப வேண்டும். பணம் கடன், அதே தாள் திரும்ப வேண்டுவதில்லை. வட்டியின்றிச் சின்னாளுக்குப் பெற்ற பணம் கைமாற்று. அளந்து வாங்கி அவ்வளவே திருப்புவது, குறள் சுட்டும் குறியெதிர்ப்பை. அடுத்த வீட்டில் பால்டின்னால் அரிசி அளந்து வாங்கி, சம்பளம் வந்ததும் அதே டின்னால் அளந்து கொடுத்த தோட்டத்து அன்னையர் அச்சொல்லை அறியார்; அதன் பொருளை வாழ்ந்தனர். 'பாரோ' இவை அனைத்துக்கும் பொது.

ஆசிரியர்களே, பிழைத்த மாணவரை நகையாதீர். தமிழில் வினவுங்கள். 'யாரிடமிருந்து?' என்னும் வினாவுக்கு விடை வேண்டின் 'பாரோ', 'யாருக்கு?' என்பதற்கு விடை வேண்டின் 'லெண்ட்'. தாய்மொழியில் ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டு பிறமொழியை அறியச் செய்வோம். அன்று எவரேனும் நம்மிடம் இவ்வாறு வினவியிருந்தால், ஓராண்டு மௌனம் நேர்ந்திராது.