நடவு வயலும் நவீன கணிப்பொறியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

காலையில் மாணவர்கள் குழுக் குழுவாக வந்து நவீன கணிப்பொறி அமைப்பைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். படங்கள் பிரமாதம். ஆனால் ஒரு குழுவில் கேள்வி வந்ததும் ஒருவர் திணற, மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். குறை சொல்லவில்லை, எங்கள் குழுவும் அப்படி நின்றதுதான்.

எனக்கு வந்த பகுதி 'பைப்லைன்'. மனப்பாடமாக ஒப்பித்தேன். "அஞ்சு நிலை இருந்தா ஒரு கட்டளை அஞ்சு மடங்கு சீக்கிரமா முடியுமாப்பா?" என்று ஆசிரியர் கேட்டார். "முடியும் சார்" என்றேன். தப்பு! காப்பாற்ற யாருமில்லை. ஐந்து பேருக்கும் மதிப்பெண் குறைந்தது.

விடை எங்கள் குடவாசல் வயலிலேயே இருந்தது. சிலர் நாற்றுப் பறிக்கிறார்கள், சிலர் முடி சுமக்கிறார்கள், பெண்கள் நடுகிறார்கள். ஒரு முடி நாற்றங்காலிலிருந்து வயலுக்கு வந்து நடவாகும் நேரம் குறைவதில்லை. ஆனால் யாரும் சும்மா நிற்காததால் பொழுது சாய்வதற்குள் வயல் நிறைகிறது. முடி வரத் தாமதித்தால் நடவாட்கள் காத்திருப்பார்கள். நினைவகத்திலிருந்து தகவல் வராவிட்டால் பிராசசரும் அப்படியே.

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி முன்கூட்டியே நாற்று விடுகிறோம் அல்லவா? பிராசசரும் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்து முன்னதாகவே வேலையைத் தொடங்குகிறது. ஊகம் பொய்த்தால் தள்ளிவிடும். அப்படித் தள்ளிய வேலையின் தடம் 'கேஷ்' நினைவகத்தில் தங்கிவிடும். அதைக் கொண்டு ரகசியத்தைத் திருடலாம் என்று 2018 ஜனவரியில் வெளியான குறைதான் 'ஸ்பெக்டர்'.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பெர்க்லியில் 2010-ல் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' பிராசசரை வடிவமைத்தார்கள். 2018-ல் ஒரு சில்லு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், இன்னொன்று சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டரிலும் உருவாயின. அதன் 'சி' வகையும் ஐந்து நிலை பைப்லைன்தான். வடிவமைப்பு இணையத்தில் இலவசம். இறக்கிப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு யோசனை. அடுத்த முறை யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்று மேடை ஏறும்போது சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அப்போதுதான் ஐந்து பேரும் ஐந்து பகுதியையும் படிப்பீர்கள். நடவில் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். புரிந்துகொள்வதைப் பிரிக்க முடியாது.